ஈரச் சோப்பு

விடிகாலை பஸ்ஸில் பெரியவளின் மடியில் இருந்தது குப்பை.

துணிக்கடைப் பை ஒன்றில் இறுக்கிக் கட்டிய சொந்த வீட்டுக் குப்பை. வெங்காயத் தோல், முட்டை ஓடு, சீப்பில் சிக்கிய முடிச்சுருள், கடைசிச் சொட்டுவரை பிதுக்கிய பற்பசைக் குழாய், டீத்தூள் சக்கை. முந்தின நாள் முழுக்க எதையும் வெளியே கொட்டாமல் சேர்த்து வைத்தது. நகை மூட்டையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தார்.

பக்கத்தில் அவளுடைய ஓரகத்தி, சின்னவள். அவள் காலடியில் சுருட்டி வைத்த கால்மிதி, மண்ணோடு.

"டிக்கெட் எடுத்துக் குப்பையைக் கூட்டிட்டுப் போற முதல் ஆளுங்க நாமதான்க்கா" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பைவிட ஆச்சரியம் அதிகம். கொழுந்தன் போன பிறகு சின்னவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது.

போன வாரம் சம்பளப் பிரிவிலிருந்து வந்த போன்தான் இத்தனைக்கும் காரணம். வீடு பார்க்க ஆள் வருகிறார், குடும்பம் வீட்டில் இருக்க வேண்டும் என்று இரண்டே வாக்கியம். பெரியவளின் புருஷன் வெல்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கம்பெனிக்கு ஊர்கள் மூன்று ரகம். முதல் ரகம் பெரிய நகரம். அங்கே குடும்பம் வைத்திருப்பவனுக்கு வாடகைப் படியும் நகரப் படியும் சேர்ந்து சம்பளம் ஒரு ஆள் உயரம் கூடும். இரண்டாவது ரகத்தில் அதில் பாதி. மூன்றாவது ரகத்தில் டீ குடிக்கக் காணும். பாலம் எழும்பிக்கொண்டிருக்கிற இந்த ஆற்றங்கரை ஊர் மூன்றாவது ரகம். வெல்டிங் பொறி எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் சட்டையைப் பொத்தலாக்கியது. படிக்கு மட்டும் ஊர் பார்க்கிற கண் இருந்தது.

இதில் ஒரு சலுகையும் உண்டு. நகரத்திலிருந்து சைட்டுக்கு அனுப்பப்பட்டவன், பெண்டாட்டி பிள்ளைகளை நகரத்திலேயே விட்டு வந்தால் நகரப் படி அப்படியே தொடரும். கூட்டிக்கொண்டு வந்தால் அடுத்த மாதமே வெட்டு. வெல்டர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து சைட் ஓரத்துத் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டு, நகரத்தில் ஒற்றை அறையை மட்டும் பூட்டி வைத்திருந்தார். அறை வாடகை போக மிஞ்சுகிற படி அவருடைய அம்மாவுக்கு. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் இயந்திரம் அந்த அம்மாளின் ரத்தத்தைக் கழுவித் திருப்பி அனுப்பும். படி நின்றால் இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றால் மாமியார் நிற்கமாட்டார். பெரியவள் ராத்திரியெல்லாம் எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு அங்கேதான் வந்து நின்றது. பிடிபட்டால் வேலையும் போகும் என்பது அதற்கு மேல்.

வீடு பார்க்க வருகிறவருக்கு சைட்டில் சோப்புக்காரர் என்று பெயர். அவர் அலமாரியைத் திறக்கமாட்டாராம், ஆளை அதட்டமாட்டாராம். நேராகக் குளியலறைக்குப் போய் சோப்பை ஒரு விரலால் தடவுவாராம். ஆளில்லாத வீட்டுச் சோப்பு வறண்டு வெடித்துக் கிடக்கும். பிறகு குப்பைத் தொட்டி. பிறகு கால்மிதியைத் தூக்கி அடியில் மண் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு ஃபிட்டர் வீட்டில் புதுச் சோப்பை நனைத்து வைத்திருந்தார்கள். சோப்பில் பொறித்த பெயர் அழியாமல் பளிச்சென்று இருந்தது. ஃபிட்டருக்கு அந்த மாதத்தோடு வேலை முடிந்தது.

அதனால்தான் பெரியவள் தேய்ந்த சோப்பு ஒன்றையும் டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தாள். இது போதாதென்று அரைக்கிலோ வெங்காயம். வெங்காயத்தை எண்ணெயில் நன்றாகக் கருக வதக்கினால் வாசனை சுவரில் ஒட்டிக்கொள்ளும், எத்தனை மாதம் பூட்டிக் கிடந்த அறையும் குடும்பம் நடக்கிற அறையாகிவிடும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

வெல்டருக்கு சைட்டில் லீவு கிடையாது. அவர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். மதியப் பஸ்ஸில் போனால் போதும், சோப்புக்காரர் சாயங்காலம்தான் வருவார் என்றார். சின்னவளை அலைக்கழிக்காதே, நீ மட்டும் போ என்றார். ஒரு டிக்கெட் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்று பெரியவள் நினைத்தாள். மனுஷனுக்கு ஒரு வீட்டை வீடாக்க எத்தனை கை வேண்டும் என்று எங்கே தெரியும். அவர் ஷிப்டுக்குக் கிளம்பிய கையோடு சின்னவளை எழுப்பி, முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். பூட்டிக் கிடக்கிற அறையில் தனியாக உட்கார்ந்திருக்க அவளுக்குப் பயம் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் பாலத்துக்குக் கீழே இருக்கிற சாலையில் திரும்பியது. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். எப்போதும் அப்படித்தான். நடுத்தூணில் சாரம் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் புருஷன் ஆற்றில் விழுந்தான். மழைத் தண்ணீர் கரை முட்டிப் போன நாள். ஹெல்மெட் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அவன் கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள். எதற்கு வம்பு என்று கான்ட்ராக்டர் சீக்கிரமே இழப்பீட்டைக் கொடுத்து, சைட் கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலையையும் சின்னவளுக்குக் கொடுத்து வாயை அடைத்தார். வந்த பணத்தை அவள் மாமியார் வைத்தியத்துக்கே நீட்டிவிட்டாள். கொட்டகையில் மற்றவர்கள் "அவன் இருந்தப்ப" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். சின்னவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

*

நகரத்து அறை ஒரு மரக்கடைச் சந்தின் கோடியில், மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே மோட்டார் அறை. தண்ணீர் ஏற்றுகிறவரே காவல், அவரே வாடகை வசூல். யாராவது வந்து கேட்டால் இந்தக் குடும்பம் இங்கேதான் இருக்கிறது என்று சொல்வதற்காக வெல்டர் அவருக்கு மாதாமாதம் ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தார்.

மோட்டார்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் நுரையைத் துப்பினார்.

"வாங்கம்மா. நேத்து சாயங்காலம்கூட உங்க வீட்டுக்காரர் என்னைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறலையாம். நான் என்ன பண்றது, குழாய்ல அடைப்பு."

பெரியவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் ஓவர்டைம் முடித்துவிட்டுக் கொட்டகையில் கால் நீட்டிப் படுத்திருந்தார். முதுகுக்கு எண்ணெய் தேய்த்ததே அவள்தான்.

"அண்ணே, இதையெல்லாம் வீடு பார்க்க வர்றவர்கிட்ட சொல்லுங்க. எங்ககிட்ட எதுக்கு ஒத்திகை? ரொம்ப அளக்காம, இருக்காங்கன்னு மட்டும் சொன்னா போதும்."

மோட்டார்காரர் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே இவளைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்து, தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

காசுக்கு மேலேயே நடிக்கிறார் என்று படியேறும்போது சின்னவள் முணுமுணுத்தாள்.

அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று கொட்டகை அடுப்பங்கரை ஆணியில் தொங்கும். மற்றது வெல்டரின் கருவிப் பெட்டிச் சாவியோடு ஒரே கயிற்றில் கிடக்கும். பூட்டு எப்போதும் அடம்பிடிக்கும், தட்டி, குலுக்கி, திட்டித்தான் திறக்க வேண்டும். பெரியவள் தட்டுவதற்குத் தயாராகக் கையை ஓங்கிக்கொண்டு சாவியை நுழைத்தாள். சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. சாவியில் எண்ணெய் ஒட்டியிருந்தது.

கதவைத் தள்ளியதும் பூட்டிக் கிடந்த வாடை முகத்தில் அடிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த மூச்சை விட்டுப் பார்த்தாள்.

வதக்கிய வெங்காயத்தின் வாசனை.

*

இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள்.

கட்டில் மேல் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தன. டம்ளரின் விளிம்பைச் சுற்றி இன்னும் தண்ணீர் வட்டம். கதவுக்கு உள்பக்கம் கால்மிதி ஒன்று கிடந்தது. இவர்கள் கொண்டுவந்ததைவிட அழுக்கு.

பெரியவள் குப்பைப் பையை இறக்கி வைக்காமலே குளியலறைக்குப் போனாள். சோப்பு மேல் விரலை வைத்தாள். விரல் வழுக்கியது. சோப்பின் ஒரு ஓரத்தில் நுரை இன்னும் உடையாமல் நின்றது. துண்டைத் தொட்டாள், ஈரம். தரையைப் பார்த்தாள், சாக்கடை ஓட்டைக்குள் தண்ணீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் குப்பைத் தொட்டி. மூடியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். வெங்காயத் தோல், முட்டை ஓடு, டீத்தூள் சக்கை. அவள் கையில் இருந்த பையிலும் அதேதான். தொட்டியில் இருந்தது புதுசு என்பதுதான் வித்தியாசம். தான் செய்ய வந்த வேலையைத் தனக்கு முன்னால் யாரோ வந்து செய்துவிட்டுப் போனதுபோல இருந்தது. 

திருடனாக இருக்க முடியாது. எந்தத் திருடன் போர்வையை மடித்து வைக்கிறான்? பிறகு மோட்டார்காரர் நினைவு வந்ததும் பிடி கிடைத்த மாதிரி இருந்தது.

"அந்த ஆளு வேலைதான் இது" என்றாள், சத்தமாக, சத்தத்தில் தைரியம் வரட்டும் என்று. "நம்மகிட்டயும் வாங்கிட்டு, இன்னொருத்தனுக்கும் உள்வாடகைக்கு விட்டிருக்கான். சாயங்காலம் முடியட்டும், வச்சுக்கறேன்."

 சின்னவள் அறையின் நடுவில், துணி காயப்போடுகிற கயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பிக்கும் சுவர் ஆணிக்கும் நடுவே கயிறு விறைப்பாக நின்றது. அதில் ஒரு சட்டை. வெல்டருடைய பழைய சட்டை, ஆள் இருப்பதாகக் காட்டுவதற்காக பெரியவளே முன்பு விட்டுப்போனது. இப்போது துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

சின்னவள் சட்டையைப் பார்க்கவில்லை. கம்பியில் கயிறு கட்டியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகாலைத் தூக்கி, ஒரு விரலால் முடிச்சைத் தொட்டாள்.

"இது சாரம் கட்டுற முடிச்சுக்கா."

"இருந்துட்டுப் போகட்டும். ஊர்ல ஆயிரம் பேரு சாரம் கட்டுறான்."

"எல்லாரும் வலப்பக்கம் இழுத்துச் செருகுவாங்க. இது இடப்பக்கம். ரெண்டு தடவை செருகியிருக்கு."

 கொழுந்தன் இடது கைக்காரன். கொட்டகையின் தகரம் காற்றில் பறக்காமல் இருக்க அவன் கட்டிய முடிச்சுகள் இன்றைக்கும் அங்கே இருந்தன. அவிழ்க்க முடியாமல் மாமியார் ஒருமுறை கத்தியைத் தேடி அலைந்தது நினைவு வந்தது.

கயிற்றில் போய் என்ன இருக்கிறது, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்று என்னவோ சொன்னாள். சொன்னது அவள் காதுக்கே ஒப்பவில்லை. சின்னவள் கேட்டதாகவும் தெரியவில்லை.

கடைசியில் பெரியவள் உழைக்கிற வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தாள். வந்த காரியம் முதலில். அறை ஆள் இருக்கிற அறையாகத்தான் இருக்கிறது, எதையும் தொட வேண்டாம், சோப்புக்காரர் வந்து போகட்டும், மற்றது பிறகு. குப்பைப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கொண்டுவந்த வெங்காயத்தை வெளியே எடுக்கவே இல்லை. இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில், யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்போல, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மதியச் சாப்பாட்டு நினைப்பு இருவருக்குமே வரவில்லை. வெளியே மரக்கடையில் ரம்பம் இழுக்கிற சத்தம் நிற்கும்போதெல்லாம், படிக்கட்டில் யாராவது வருகிறார்களா என்று இருவருமே காதைத் தீட்டினார்கள். ஒருவருக்கொருவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

*

வெயில் இறங்கத் தொடங்கியபோது சோப்புக்காரர் வந்தார்.

பயமுறுத்துகிற ஆளை எதிர்பார்த்த பெரியவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒல்லி மனிதர், தேய்த்த சட்டை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போடுகிற பழக்கம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வரலாமாம்மா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

நேராகக் குளியலறைக்குப் போனார். சோப்பைத் தொட்டார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். குப்பைத் தொட்டி மூடியைத் தூக்கி மூடினார். கால்மிதியைக் கால் கட்டைவிரலால் நெம்பிப் பார்த்தார். எல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு குனிந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பையைக் காட்டினார்.

"ஊருக்குக் கிளம்பறீங்களா?"

"குப்பைங்க. கீழ கொண்டுபோய்க் கொட்டறதுக்குக் கட்டி வச்சிருக்கு."

அவர் பையின் வாயை லேசாகப் பிரித்து மோந்து பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. சில வீடுகளில் பூ வைத்து வரவேற்கிறார்கள், அங்கேதான் சந்தேகம் வரும், குப்பை சேர்ந்து கிடக்கிற வீடு நல்ல வீடு என்றார்.

பெரியவள் டீ போடட்டுமா என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் உறைத்தது. அடுப்புத் தெரிந்தது, பாத்திரம் தெரிந்தது. தீப்பெட்டி எங்கே? சர்க்கரை எங்கே? சொந்த வீட்டில் தீப்பெட்டி தேடுகிற பெண்ணை இந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார். 

சின்னவள் எழுந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை உயர்த்தி, ஜன்னலுக்கு மேலே இருந்த சட்டத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். சர்க்கரை டப்பாவை அரிசி வாளிக்குள்ளிருந்து எடுத்தாள், எறும்புக்குப் பயந்து அங்கேதான் வைப்பான் என்று அவளுக்குத் தெரியும். டீத்தூள் அதற்கும் அடியில் இருந்தது. இந்த அறைக்கு அவள் வாழ்க்கையில் முதல் தடவை வந்திருக்கிறாள்.

சோப்புக்காரர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"போன மாசமும் வந்தேனே, ஞாயித்துக்கிழமை. உங்க வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். சொல்லலையா?"

பெரியவளின் தலை தானாக ஆடியது. ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியாது.

"சம்சாரம் கடைக்குப் போயிருக்கான்னார். ஆள் மட்டும் இருந்தா நாங்க படி எழுத முடியாது, குடும்பம் இருக்கணும். அதான் இன்னைக்குச் சொல்லிட்டு வந்தேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "நல்ல மனுஷன். ஆனா விவரம் பத்தாது. ஏம்மா, இடது கையில சுண்டுவிரல் பாதி இல்லையே, அது வேலையில போனதா?"

அடுப்பங்கரைப் பக்கம் ஒரு கரண்டி விழுந்தது.

வெல்டருக்குப் பத்து விரலும் இருந்தன. பெரியவள் அந்தக் கைகளை நேற்று ராத்திரி பார்த்தாள். பாதிச் சுண்டுவிரல் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே நசுங்கிப் போனது அவருடைய தம்பிக்கு. அந்த அரை விரலோடுதான் அவன் ஆற்றுக்குள் போனான்.

சோப்புக்காரர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். வேலையில் விரல் போனால் அதற்கென்று ஒரு தொகை உண்டு, எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும், கம்பெனி தானாக எதையும் கொடுக்காது, உங்களைப் போல எத்தனை பேர் கேட்கத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள் என்றார். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் பெரியவளை அதிகம் பயமுறுத்தியது. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்குக் கதவைத் திறந்தது உங்க வீட்டுக்காரர்தானே? நான் பாட்டுக்குப் பேசறேன்."

ஒரு வார்த்தை. இல்லை என்றால் படி போகும், வேலை போகும், ஆஸ்பத்திரியில் இயந்திரம் நிற்கும். ஆமாம் என்று சொல்ல வேண்டியது அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி நிற்கிறவளின் முன்னால். செத்துப்போனவன் என்று ஊரே அழுது முடித்தவனைத் தன் புருஷன் என்று சொல்ல வேண்டும்.

"ஆமாங்க" என்றாள் பெரியவள். "அவருதான்."

சின்னவளின் முதுகு அசையவில்லை.

அப்படியென்றால் அடுத்த வாரம் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள், டாக்டர் கையைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் பணம் வந்துவிடும், நானே பேர் கொடுத்து வைக்கிறேன் என்று எழுந்தார் சோப்புக்காரர். வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் சின்னவளைக் கவனித்தவர்போலத் திரும்பினார்.

"இவங்க?"

"கொழுந்தன் சம்சாரம்."

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா இருக்கார்?"

வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். பெரியவள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வாயெடுத்தாள். ஒரு வருஷமாக இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சின்னவளுக்குப் பதிலாக அவள்தான் சொல்லி வந்தாள். எந்த வார்த்தையை எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று பழகிவிட்டது.

சின்னவள் திரும்பினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வெளிய போயிருக்காருங்க. சாயங்காலம் வந்துடுவாரு."

*

சோப்புக்காரர் படியிறங்கிப் போனார். பெரியவள் பைகளை எடுத்து ஒழுங்கு பண்ணினாள். ஒழுங்கு பண்ண எதுவும் இல்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

சின்னவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கான அரிசி.

"நீ போக்கா. அத்தைக்கு நாளைக்கு ஆஸ்பத்திரி நாளு. நான் இருக்கேன்."

"பைத்தியம் மாதிரி பேசாத. யாரு எவன்னு தெரியாம..."

"வீடுன்னா குடும்பம் இருக்கணும்னு அவரே சொல்லிட்டுப் போறாரில்ல."

அவள் குரலில் அழுகை இல்லை. கோபமும் இல்லை. அரிசிக்குள் கையை விட்டு அலசிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் அலசிக்கொண்டே இருந்தாள்.

பெரியவள் படியிறங்கினாள்.  கீழே, மோட்டார் அறைக்கு எதிரில் நின்று வெல்டருக்கு போன் போட்டாள். பாலத்தின் மேல் நிற்கிறார்போல, காற்று இரைந்தது. அவர் ஹலோ சொல்வதற்குள் சொல்லிவிட்டாள்.

"உங்க சுண்டுவிரல் எங்கன்னு கேட்டாரு. அடுத்த வாரம் ஹெட் ஆபீசுக்குக் கையைக் கொண்டுவந்து காட்டணுமாம். எந்தக் கையைக் கொண்டு போகப் போறீங்க?"

பெரியவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சோப்பு ஈரமா இருந்துச்சுங்க" என்றாள், இந்தத் தடவை மெதுவாக.

என்ன சோப்பு என்று அவர் கேட்கவில்லை. யார் வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு எதுவும் தெரியாது என்று அவள் இன்னொரு நாள் நம்பியிருப்பாள்.

"மதியப் பஸ்லதானே போகச் சொன்னேன்" என்றார் வெல்டர்.

அறைச் சாவி தம்பி கையில், கருவிப் பெட்டிக் கயிற்றில் இப்போது ஒரு சாவிதான் தொங்கும் என்று பெரியவளுக்குப் புரிந்தது. ஒரு வருஷமாக அவர் அந்தக் கயிற்றை இடுப்பை விட்டு இறக்காததும் புரிந்தது. ஆற்றில் போனவனுக்கென்று வந்த இழப்பீடு அம்மாவின் இயந்திரத்துக்குப் போனதும் இப்போது வேறு கணக்காகத் தெரிந்தது. அவர் அம்மா சின்ன மகனை நினைத்து ஒப்பாரி வைத்த ராத்திரிகளில் இந்த மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார். பாவம், தாங்க முடியவில்லை என்று அவள் அப்போது போர்த்திவிட்டிருக்கிறாள்.

"சின்னவ எங்க?" என்றார்.

"மேல இருக்கா. வரமாட்டேங்கறா."

மறுபடி அவர் குரல் வந்தது. தணிந்த, அவசரமான குரல். "மோட்டார் போட்டுட்டாங்களா?"

அவளுக்கு விளங்கவில்லை. நூறு மைலுக்கு அப்பால், பாலத்தின் மேல் நிற்கிறவருக்கு இந்தச் சந்து மோட்டாரில் என்ன அக்கறை?

மோட்டார்காரர் பீடியை நசுக்கிவிட்டுச் சாவகாசமாக எழுந்து வந்தார். இவளைப் பார்த்ததும், காலையில் வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்துபோய், நல்லபடியாகவே சொன்னார்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா, உங்க வீட்டுக்காரரையும் பார்த்துட்டே போயிடலாம். தினமும் நான் மோட்டார் போடுற நேரத்துக்கு வந்துடுவாரு."

சுவிட்சைத் தட்டினார். கட்டடம் முழுக்க ஒரு முனகல் ஓடியது. குழாய்களுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

போன் இன்னும் காதில் இருந்தது. மறுமுனையில் வெல்டர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவள் சந்தின் முனையைப் பார்த்தபடி நின்றாள். மரக்கடை அடைத்துவிட்டார்கள். மங்கலில், மரத்தூள் குவியலைத் தாண்டி, யாரோ சுவரோரமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். உடம்பின் பாரத்தை ஒரு பக்கமாகவே சாய்த்து, சாரப் பலகை மேல் நடக்கிறவன்போல, அடி மேல் அடி வைத்து.

மேலே, மூன்றாவது மாடியில், தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. போடுகிற சத்தம் இல்லை. எடுக்கிற சத்தம்.